சவுக்குத் தோப்பும் செயற்கைக்கோளும்: காடு கண்காணிப்பு பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. "என் சவுக்குத் தோப்பை சாட்டிலைட் படத்துல காடுன்னு காட்டுதாம். நாளைக்கு வனத்துறை வந்து நிலத்தை எடுத்துக்குமா சார்?" என்பது ஒன்று. "மரம் வளர்த்தா கார்பனுக்குப் பணம் தர்றதா சொல்றாங்க, கையெழுத்துப் போடலாமா?" என்பது இன்னொன்று. இரண்டும் நிலத்தையும் வருமானத்தையும் தொடுகிற கேள்விகள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மரத்தில் எவ்வளவு கார்பன்?

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தண்டு, கிளை, வேர்களில் கார்பனாகச் சேமிக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்தான். நூறு கிலோ உலர் எடையுள்ள ஒரு மரத்தில் சுமார் 47 கிலோ கார்பன் இருக்கும். அதை எரித்தாலோ, அது மக்கினாலோ 172 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும்.

உலகில் மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு காடழிப்பால் வருகிறது. காட்டைக் காப்பாற்றும் நாடுகளுக்கு அதற்கான பலன் கிடைக்க வேண்டும் என்ற யோசனையை 2005-ல் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டாரிகாவும் ஐ.நா. காலநிலை மாநாட்டில் வைத்தன. அதுவே 'ரெட் பிளஸ்' திட்டமாக வளர்ந்து, 2013-ல் வார்சா மாநாட்டில் விதிமுறைகள் முடிவாயின. இந்தியா 2018-ல் தனது ரெட் பிளஸ் உத்தியை வெளியிட்டது. ஆனால் ஒரு நாடு காட்டைக் காப்பாற்றியது என்று சொன்னால் மட்டும் போதாது, அளந்து காட்ட வேண்டும். அதற்குத்தான் கண்காணிப்பு.

அழிவது வேறு, நலிவது வேறு

காட்டை வெட்டி வயலாகவோ மனையாகவோ மாற்றினால் அது காடழிப்பு. இது படத்தில் எளிதில் தெரியும். காடு காடாகவே இருந்து, விறகு வெட்டு, மேய்ச்சல், தீ ஆகியவற்றால் அடர்த்தி குறைந்துகொண்டே வந்தால் அது காடு நலிவு. பரப்பளவுக் கணக்கில் ஒரு ஏக்கர்கூடக் குறைந்திருக்காது. ஆனால் மரமும் கார்பனும் போயிருக்கும். கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான்.

எப்படி அளக்கிறார்கள்?

டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காடுகளின் நிலை அறிக்கையை வெளியிடுகிறது. இதற்குப் பயன்படும் நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 14 சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட் அளவுதான்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மரம் எது, வெறும் தரை எது என்று பிரிக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது மரங்களின் தலைவிரிப்பு தரையை எவ்வளவு மூடுகிறது என்பதே அளவுகோல்:

• 70 சதவீதமும் அதற்கு மேலும்: மிக அடர்ந்த காடு
• 40 முதல் 70 சதவீதம்: நடுத்தர அடர்த்திக் காடு
• 10 முதல் 40 சதவீதம்: திறந்த காடு
• 10 சதவீதத்துக்குக் கீழ்: புதர்க்காடு (இது காட்டுப் பரப்பில் சேராது)

நடுத்தர அடர்த்தியில் இருந்த இடம் அடுத்த அறிக்கையில் திறந்த காடாக இறங்கினால், அது நலிவின் அடையாளம். மரத்தின் சுற்றளவு, இனம், மண்ணின் கார்பன் ஆகியவற்றை ஆட்கள் நேரில் போய் மாதிரி நிலங்களில் அளக்கிறார்கள். படமும் டேப்பும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சாதாரணப் படம் பயன்படாது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் அந்த வகையைச் சேர்ந்தது.

கண்காணிப்பால் உண்மையில் பலன் உண்டா? பிரேசிலைப் பாருங்கள். அமேசான் காட்டில் 2004-ல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. அந்த ஆண்டு முதல் செயற்கைக்கோள் எச்சரிக்கையை வைத்து அதிகாரிகளை உடனே களத்துக்கு அனுப்பினார்கள். வேறு நடவடிக்கைகளும் சேர, 2012-ல் அது 5,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்தது. பின்னாளில் நடவடிக்கை தளர்ந்தபோது அழிவு மறுபடி ஏறியது. படம் எடுத்தால் மட்டும் போதாது, படத்தைப் பார்த்து நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.

உங்கள் தோப்பு காடாகிவிடுமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் மர மூடல் இருந்தால், நிலம் யாருடையதாக இருந்தாலும் அறிக்கை அதைக் 'காட்டுப் பரப்பு' என்று கணக்கிடும். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, சவுக்கு எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பு சுமார் 26,400 சதுர கிலோமீட்டர், அதாவது மாநிலப் பரப்பில் 20 சதவீதம் என்று சொல்வதும் இந்தக் கணக்கின்படிதான்.

காப்புக்காடு வேறு. அது சட்டப்படி அரசிதழில் அறிவிக்கப்பட்ட நிலம். படத்தில் பச்சையாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் உங்கள் பட்டா நிலம் வனத்துறை நிலமாகிவிடாது. எனவே பயந்துகொண்டு மரத்தை வெட்ட வேண்டாம்.

இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏரிக்குள் சீமைக்கருவேல் மண்டினாலும் படத்தில் பச்சைதான். அதை அகற்றி ஏரியை மீட்டால் படத்தில் 'இழப்பு' என்று தோன்றும். அதனால்தான் களச்சரிபார்ப்பு அவசியம். சீமைக்கருவேலை எடுத்த இடத்தில் கரையோரம் நாட்டு மரம் வைத்தால் ஏரிக்கும் நல்லது, கணக்கிலும் பச்சை திரும்பும்.

மலைக்காடு நலிந்தால் நமக்கு என்ன?

செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அது பாலாற்றோடும் வேகவதியோடும் சேருவது நம் திருமுக்கூடலில். மேலே காடு அடர்த்தியாக இருந்தால் மழைநீர் மண்ணில் இறங்கி மெதுவாக வரும். காடு நலிந்தால் ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவந்து, ஏரியில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். ஆற்றையும் ஏரியையும் நம்பியிருக்கும் நமக்கு ஜவ்வாது மலைக் காடு தூரத்துச் சங்கதி இல்லை.

கார்பன் பணம்: கையெழுத்துக்கு முன்

ரெட் பிளஸ் பணம் நாட்டுக்கோ பெரிய திட்டத்துக்கோ வருவது. தனி விவசாயியின் பட்டா நிலத்துக்கு நேராக வருவதில்லை. உங்களிடம் வருகிறவர்கள் பேசுவது தனியார் கார்பன் சந்தையைப் பற்றி. அதில் ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. மேலே சொன்ன அளவுள்ள மரம் ஆறு சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட்டுக்கான அளவு வரும். நான்கு ஆண்டில் வெட்டி காகித ஆலைக்கு அனுப்பும் சவுக்குக்கு, நீண்ட காலம் நிற்கும் மரத்துக்கு உள்ள கணக்கு கிடைக்காது. ஆகவே மர விற்பனைதான் முதல் வருமானம், கார்பன் உபரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் மரம் வெட்டவோ நிலத்தை விற்கவோ முடியுமா?
• மரத்தை அளக்கவும் சான்று பெறவும் ஆகும் செலவு யாருடையது?
• கிரெடிட் விற்ற தொகையில் விவசாயிக்கு எத்தனை பங்கு, எப்போது தருவார்கள்?
• 2016 வர்தா புயல் போல அடித்து மரம் சாய்ந்தால் நஷ்டம் யாருக்கு?
• ஒப்பந்தம் தமிழில் உண்டா? ஒரு நகல் உங்கள் கைக்கு வருமா?

பதில் தெளிவாக இல்லையென்றால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இப்போதே செய்யக்கூடியவை

• நிலத்தில் உள்ள மரங்களை கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிவு செய்யுங்கள். வெட்டும்போதும் விற்கும்போதும் அதுதான் ஆதாரம்.
• நட்ட ஆண்டு, மர எண்ணிக்கை, நெஞ்சுயரச் சுற்றளவு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை நோட்டில் எழுதி, புகைப்படமும் எடுத்து வையுங்கள்.
• இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் உங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தை இலவசமாகப் பார்க்கலாம்.
• காட்டையொட்டி நிலம் உள்ளவர்கள் வன அளவைத் துறையின் தீ எச்சரிக்கை சேவையில் பதிவு செய்தால் கைப்பேசிக்குத் தகவல் வரும்.
• நெல் வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் நீண்ட கால மரங்களை வையுங்கள். மாநில அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் மரக்கன்று பெற, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.

மேலிருந்து எடுக்கும் படம் பச்சையை மட்டும்தான் காட்டும். அது என்ன மரம், யார் வைத்தது, எத்தனை ஆண்டு நின்றது என்பதை உங்கள் நோட்டும் அடங்கலும்தான் சொல்லும். அவை இரண்டும் சரியாக இருந்தால், நாளை எந்தத் திட்டம் வந்தாலும் ஆதாரத்தோடு பேசலாம்.