ஏன்? எப்படி?: முப்பது கிலோவுக்கு ஏன் இத்தனை சண்டை?

ஷா ஆலம் ஆலையிலிருந்து 1985-இல் வெளிவந்த புரோட்டான் சாகா குடும்பக் கார். அதே போன்ற இரண்டு கார்கள் டிராக் ரேஸில் நின்றால், தோற்றவர் முதலில் கேட்பது: “அந்தக் காரில் என்ன மாற்றினாய்?”

ஏன் இந்தச் சந்தேகம்? டிராக் ரேஸின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். ஆகும் நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்துவரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டியே மாறும். ஆயிரம் கிலோ காரில் பின் இருக்கை, உதிரி டயர் என 30 கிலோவைக் கழற்றினால் நேரம் ஒரு சதவீதம் குறையும். 15 விநாடியில் அது 0.15 விநாடி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 6 மீட்டர் ஓடிவிடும். சாகாவின் நீளத்தைவிட அதிகம்!

நைட்ரஸ் இன்னொரு தந்திரம். எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்சைடில் 36. கூடுதல் ஆக்சிஜனால் கூடுதல் எரிபொருள் எரியும்.

எப்படிப் பிடிப்பது? ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துக் காரை எடை போடுவார்கள், எரிபொருளைச் சோதிப்பார்கள், பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

சண்டையையே தவிர்க்க ஒரு வழி உண்டு. ஓட்டுநர் தன் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பார். மெதுவான கார் முதலில் புறப்படும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. அங்கே மறைத்து வைத்த வேகமே எதிரி!

பந்தயத் திடல் வேறு, சாலை வேறு. எஞ்சினை மாற்றிச் சாலையில் ஓட்ட மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி வேண்டும்.