சங்கு ஊதுவது யார்?

2025 மே 7, மாலை 4 மணி. ஹைதராபாத் நகரெங்கும் இரண்டு நிமிடம் சைரன்கள் அலறின. ‘ஆபரேஷன் அப்யாஸ்’ என்ற பெயரில் நாடெங்கும் நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை அது. கோல்கொண்டா, செகந்திராபாத், காஞ்சன்பாக், மௌலாலி ஆகிய இடங்களில் மீட்புப் பயிற்சியும் நடந்தது. ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. 1971 போரைக் கண்டவர்களுக்கு இது மனப்பாடம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புதுப்பாடம்.

அந்த ஒத்திகை ஒரு நாளோடு முடிந்தது. அதே ஊரின் பிரகதி நகரில் இரவு பகலாக விழித்திருக்கும் அறை ஒன்று உண்டு. ‘இன்காய்ஸ்’ எனப்படும் பெருங்கடல் தகவல் மையத்தின் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு அது. கடல் அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால்! ஆனால் நம் கரையோரத்துக்கான சுனாமி எச்சரிக்கை 2007 அக்டோபர் முதல் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் குலுங்கியது. அலை தமிழகக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பி ஓட நேரம் இருந்தது. ‘ஓடு’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இன்று கடலடியில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால், பத்தே நிமிடங்களில் முதல் அறிக்கை தயாராகிவிடும். எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு உயர அலை வரும் என்பதை முன்பே போட்டு வைத்த கணக்குகள் சொல்லும். கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் அதை உறுதிசெய்யும், அல்லது மறுக்கும். ஆனால், சங்கை ஊதுவது ஹைதராபாத் அல்ல. மக்களை வெளியேற்றும் முடிவு மாநில அரசுடையது. ஒடிசாவில் 2018-இல் அமைத்த ஏற்பாட்டின்படி, புவனேஸ்வரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கடலோரத்தின் 122 கோபுரங்களும் ஒருசேர ஒலிக்கும்.

அமெரிக்காவின் சூறாவளிச் சைரன்களுக்கும் இதே கதைதான். எச்சரிக்கை விடுப்பது வானிலைத் துறை; சைரனை ஒலிக்கவிடுவது உள்ளூர் நிர்வாகம். பல ஊர்களில் வாரமோ மாதமோ குறித்த நாளில் சோதிப்பார்கள். அன்று உண்மையிலேயே வானம் மிரட்டினால் சோதனை ரத்து. ஒத்திகையா, நிஜமா என்று யாரும் குழம்பக் கூடாதே!

குழம்பாவிட்டாலும் அலட்சியம் வரலாம். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் ஜாப்ளின் நகரில் சூறாவளி 158 பேரைக் கொன்றது. சைரன் ஒலித்திருந்தது. அடிக்கடி கேட்டுப் பழகிய ஒலி என்பதால், முதல் சங்குக்குப் பலர் அசையவில்லை என்றது பின்னர் நடந்த ஆய்வு. காது கேட்பவர்களுக்கும் அது செவிடன் காதில் ஊதிய சங்காகிவிட்டது.

ஆகவே சோதிக்க வேண்டியது இயந்திரத்தை மட்டுமல்ல. இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் சுனாமி ஒத்திகைகளில், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதோடு, ஊர் மக்கள் மேட்டுக்கு நடந்தார்களா என்பதையும் பார்க்கிறார்கள். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி கிராமங்களை 2020-இல் ‘சுனாமிக்குத் தயார்’ என யுனெஸ்கோ ஏற்றது. வெளியேறும் வழி காட்டும் பலகை, வரைபடம், விடாத ஒத்திகை: அதற்கான நிபந்தனைகளில் சில இவை.

நம் கடலோரத் தெருக்களிலும் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்: சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?