நாடே விரதம் இருந்த ஞாயிற்றுக்கிழமை தெரியுமா?

இந்தியா முழுக்க ஒரே நாளில் கடையடைத்து, விரதம் இருந்து பிரார்த்தனை செய்யச் சொல்லி ஓர் அழைப்பு வந்தது தெரியுமா? 1919 ஏப்ரல் 6! அழைத்தது அரசாங்கம் இல்லை, காந்தி! விசாரணையே இல்லாமல் சிறையில் போட வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு எதிர்ப்பு!

இந்த யோசனை பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்! ‘தி இந்து’ பத்திரிகை ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்கார் வீட்டில் தங்கியிருந்தார் காந்தி. விடியுமுன், தூக்கமும் விழிப்புமாக இருந்தபோது தோன்றியதாம்! காலையில் ராஜாஜியிடம் சொன்னார்.

ஏப்ரல் 6-க்கு 9 நாள் முன்பு, மார்ச் 28-இல், அவர் பேசிய ஊர்? தூத்துக்குடி! கடையடைப்பு இந்த ஊருக்குப் புதுசா என்ன? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் கடைகள் மூடின; முடிதிருத்துபவர்கள், வண்டிக்காரர்கள்கூட வேலையை நிறுத்தினார்கள்! இன்று துறைமுகத்துக்கே அவர் பெயர்!

விரதம் ஏன் 24 மணி நேரம் மட்டும்? முஸ்லிம்கள் ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து நோன்பிருக்க மாட்டார்கள் என்பதால்! முந்தின ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து கணக்கு. இன்னொன்று கேளுங்கள்: ஞாயிறும் வேலை உள்ளவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் விடுப்பு எடுக்க வேண்டும்! சர்க்காரை எதிர்க்கவும் லீவு லெட்டர்!

முதலில் குறித்த நாள் மார்ச் 30. தேதி மாறிய தகவல் டெல்லிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. அங்கே ஒரு வாரம் முன்பே கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி.

இதற்கெல்லாம் முன்பே, இதே இந்தியாவுக்கு எதிராக இங்கிலாந்தும் விரதமிருந்து பிரார்த்தனை செய்தது தெரியுமா? 1857 அக்டோபர் 7! சிப்பாய்கள் எழுச்சியைக் கண்டு விக்டோரியா ராணி அறிவித்த விரத நாள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஸ்பர்ஜன் என்ற பாதிரியாரின் பிரசங்கத்துக்குக் கூடியவர்கள் 23,654 பேர்!

  

ஏப்ரல் 6-க்கு வருவோம். பம்பாயில் காலையில் சௌபாத்தி கடலில் குளியல்; பிறகு மசூதியில் காந்தியும் சரோஜினி நாயுடுவும் பேசினார்கள்! மாலையில் காந்தி காரில் கிளம்பி, தடைசெய்யப்பட்ட தன் புத்தகங்களை விற்றார்! விலை 4 அணா. ஒருவர் ஒரு பிரதிக்குக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய்! சர்க்கார் கைது செய்ததா? அதுதான் இல்லை! விற்றது மறுபதிப்பு, தடைசெய்த புத்தகம் இது இல்லை என்று கைகழுவிவிட்டது!