முதல் ஆர்.பி.ஜி.: கதைக்கு முன்னால் கல்லாப்பெட்டியைப் பாருங்கள்

ஆன்லைன் விளையாட்டுகளுக்கான மத்திய அரசின் வரைவு விதிகள் 2025 அக்டோபர் 2 அன்று வெளியாயின. பொதுமக்கள் கருத்துச் சொல்ல அம்மாதம் 31 கடைசி நாளாக இருந்தது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, சென்னையின் ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி, அடையாறு பக்கமிருந்து வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. “ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம்) ஆட ஆசையாக இருக்கிறது, இதுவரை ஆடியதில்லை, எதில் தொடங்குவது?” என்பது ஒன்று. “அரசு எல்லாவற்றையும் தடை செய்துவிட்டதாமே, இனி ஆடலாமா?” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு கேம் உங்களிடம் பணத்தை எப்படி வாங்குகிறது என்பதே அந்த இடம். புதிதாக வருகிறவர்கள் கதை, சண்டை, படத்தின் அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025, விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது: இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டு, பண விளையாட்டு. பணம் கட்டி, அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடுவது பண விளையாட்டு. திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் தடை. அதை நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ஒருமுறை நுழைவுக் கட்டணமோ சந்தாவோ செலுத்திப் பொழுதுபோக்காக ஆடுவது சமூக விளையாட்டு. டி.டி.கே. சாலை சபாவில் சீசன் டிக்கெட் வாங்குவது போன்றது இது: என்ன விலை, யார் எந்த நாளில் பாடுகிறார் என்பது முன்கூட்டியே தெரியும். விலை கொடுத்து வாங்கித் தனியாக ஆடும் ஆர்.பி.ஜி.கள் இந்த வகைக்குள் சிக்கலில்லாமல் உட்காருகின்றன.

எதிலும் உட்காராத ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்று அரசு சொல்கிறது; ஆனால் பிள்ளைகளின் போனில் இருக்கும் இலவச ஆர்.பி.ஜி.களில் பெரும்பாலானவை பிழைப்பது ‘காச்சா’ என்னும் முறையால். காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை வந்து விழும் ஜப்பானிய இயந்திரத்திலிருந்து வந்த பெயர் அது. இந்த முறையில் ‘பந்தயப் பொருள்’ உண்டு. காசு கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன் முதலியவற்றைச் சட்டமே அப்படித்தான் வரையறுக்கிறது. ஆனால் வெல்வது பணம் அல்ல, திரையில் ஒரு கேரக்டர். அது ‘ஆதாயம்’ ஆகுமா? புதிய ஆணையம் தீர்மானிக்கும் என்று விட்டிருக்கிறார்கள். 2003-இல் லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலம் நம்முடையது. குலுக்கலில் விழுவது ரூபாயா, படமா என்பதை மட்டும் வைத்து அளக்கும் அளவுகோல் நமக்குப் போதாது.

காச்சாவின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெட்டிக்கடையில் தொங்கிய லக்கி பிரைஸ் அட்டை பலருக்கும் நினைவிருக்கும். அதில் நூறு சீட்டு இருந்தால் நூறுதான். பெரிய பொம்மைக்கான சீட்டு அதற்குள் எங்கோ இருக்கிறது. கிழியக் கிழிய மிச்சம் எத்தனை என்று கண்ணுக்குத் தெரியும். காச்சாவில் கிழித்த சீட்டு மறுபடி அட்டைக்கே போய் ஒட்டிக்கொள்கிறது. 2020 செப்டம்பரில் வந்து உலகெங்கும் பரவிய ‘கென்ஷின் இம்பாக்ட்’டில், ஒரு குலுக்கலில் ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம் என்று நிறுவனமே அறிவிக்கிறது. அதன்படி எழுபது முறை குலுக்கினாலும் மூன்றில் இருவருக்கு ஒன்றும் விழாது. தொண்ணூறாவது முறைக்குள் ஒன்று நிச்சயம் என்ற உத்தரவாதம் உண்டு. அதையும் சேர்த்துச் சராசரி போட்டு ‘1.6 சதவீதம்’ என்று இன்னோர் எண்ணையும் பக்கத்தில் போடுகிறார்கள். இரண்டு எண்களும் உண்மை. ஆனால் அந்தக் கேரக்டருக்கு அதிகபட்சம் எத்தனை ரூபாய் ஆகும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

நாமே போட்டுப் பார்க்கலாம். விழும் முதல் ஐந்து நட்சத்திரம், நாம் விரும்பியதாக இல்லாமல் வேறொன்றாக இருக்கலாம். அப்படியானால் அடுத்தது நிச்சயம் விரும்பியதே. முதல் முறையிலேயே விரும்பியது விழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 2024-இல் அதைச் சற்றுக் கூட்டினார்கள், உச்ச வரம்பு மாறவில்லை. ஆக, மிக மோசமான நிலையில் 180 குலுக்கல். ஒரு குலுக்கலுக்கு, கேமின் உள் நாணயமான ‘பிரிமோஜெம்’ 160, மொத்தம் 28,800. ஏறத்தாழ நூறு டாலர் பொட்டலம், முதல்முறைச் சலுகையைத் தள்ளிப் பார்த்தால், தருவது 8,080. நான்கு பொட்டலம் வேண்டும்: கிட்டத்தட்ட 400 டாலர், நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல், ஒரே ஒரு கேரக்டருக்கு. இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாததற்குக் காரணம் நாணய அடுக்கு: பணம் முதலில் கிரிஸ்டல் ஆகிறது, கிரிஸ்டல் பிரிமோஜெம் ஆகிறது, பிரிமோஜெம் குலுக்கல் ஆகிறது. ஒவ்வொரு படியிலும் ரூபாய் கண்ணைவிட்டு நகர்ந்துபோகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கென்ஷினை வெளியிடும் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், 2 கோடி டாலர் அபராதத்தோடு, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி இத்தகைய குலுக்கலை விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தையும் நாணய மாற்று விகிதத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பெல்ஜியம் 2018-லேயே கட்டணக் குலுக்கலைச் சூதாட்டம் என்றது.

பணத்தை விடுங்கள் என்பவருக்கும் ஒரு பதில் உண்டு. ஆர்.பி.ஜி. என்பதன் உயிரே வளர்ச்சிதான். பலவீனமாகத் தொடங்கும் ஒருவரை, நம் தேர்வுகளாலும் பொறுமையாலும் வலுவாக்குகிறோம். தோற்றால் எதை மாற்ற வேண்டும் என்று யோசிக்கிறோம். காச்சாவில் அந்த வலுவில் பெரும்பங்கு குலுக்கலில் வந்து விழுகிறது. புதிதாக வருகிறவருக்கு, தோற்றது தன் ஆட்டத்தாலா, கையில் நல்ல கேரக்டர் இல்லாததாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த வகையின் அரிச்சுவடியையே அவர் தப்பாகக் கற்றுக்கொள்கிறார்.

‘அதிர்ஷ்டம் எல்லா ஆர்.பி.ஜி.யிலும் உண்டே’ என்பது நியாயமான மறுப்பு. 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் பூட்டைத் திறப்பதும் காவலனிடம் பொய் சொல்லித் தப்புவதும் இருபது முகப் பகடையின் கையில் இருக்கின்றன. ஆனால் நம் வீட்டுத் தாயத்தை நினைத்துப் பாருங்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. விழும்வரை காத்திருக்கும் எரிச்சலும் ஆட்டத்தின் பகுதி. ஒவ்வொரு உருட்டுக்கும் காசு கேட்டு யாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அதிர்ஷ்டத்தில் தவறில்லை, அதைச் சில்லறைக்கு விற்பதில்தான் தவறு. ‘காசே போடாமல் கென்ஷின் ஆடலாம்’ என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் உண்மை. கதை முழுவதையும் இலவசமாகவே ஆடலாம், அதன் உலகமும் இசையும் உழைப்பில் விளைந்தவை. ஆனால் அதற்கு, சில வாரங்களில் மறைந்துவிடப் போகும் கேரக்டரைக் காட்டிக் காட்டி அழைக்கும் திரையை நாள்தோறும் மறுக்கும் உறுதி வேண்டும். பழகிய ஆட்டக்காரருக்கு அது இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புதியவரை மதிப்பது எப்படி என்பதற்கு இந்த வகையிலேயே பழைய சான்று இருக்கிறது. கணினியில் மட்டும் சிலர் ஆடிக்கொண்டிருந்த ஆர்.பி.ஜி.யை, 1986-இல் யூஜி ஹோரி ‘டிராகன் குவெஸ்ட்’ வழியே ஜப்பானிய வீட்டுத் தொலைக்காட்சிகளுக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் அரசனின் பூட்டிய அறைக்குள் தொடங்குகிறது. வெளியே போகப் பேச வேண்டும், பெட்டியைத் திறந்து சாவி எடுக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அடிப்படைக் கட்டளைகள் கைக்கு வந்துவிடும். செத்தால் பாதித் தங்கம் போகும். சேர்த்த அனுபவம் போகாது. தோல்வியிலும் வளர்ச்சி மிஞ்சும் இந்த ஏற்பாடுதான் முதல் ஆர்.பி.ஜி.யில் தேட வேண்டியது. அதே வரிசையின் ‘டிராகன் குவெஸ்ட் 11 எஸ்’-க்கு ஏறத்தாழ பத்து மணி நேர இலவச முன்னோட்டம் உண்டு. பிடித்தால் வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காசு போடுமுன் இவ்வளவு காட்டும் கடை அரிது. கணினி கேம் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது நல்ல விதிதான். ஆனால் பெரிய ஆர்.பி.ஜி.களில் முதல் இரண்டு மணி நேரம் அறிமுகத்திலேயே போய்விடும். அதனால் சிறியவற்றில் தொடங்குவது நல்லது. ‘அண்டர்டேல்’ (2015) பத்து மணி நேரத்துக்குள் முடியும், பழைய கணினியிலும் ஓடும், எதிரி ஒருவரையும் கொல்லாமல் முடிக்கலாம். ‘குரோனோ டிரிகர்’ (1995) போனிலேயே கிடைக்கிறது, ஒரே விலை. சண்டையே வேண்டாம் என்பவர் ‘ஸ்டார்ட்யூ வேலி’யில் (2016) பயிர் வைத்துக்கொண்டே லெவல் ஏறலாம், ஒரே மனிதர் நான்கு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து செய்தது.

மற்ற கேள்விகள்:

தமிழ்நாட்டில் 2025-இல் வந்த, இரவு 12 முதல் 5 வரை ஆன்லைன் ஆட்டத்துக்கான தடை இதற்கும் உண்டா? இல்லை, அந்த விதி பணம் கட்டி ஆடிய ரம்மி, போக்கர் வகைக்கு வந்தது.

‘எல்டன் ரிங்’ முதல் கேமாக ஆகுமா? வேண்டாம், மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுமே? தடுமாறும், எழுத்து மலைபோல் இருக்கும் ‘டிஸ்கோ எலிசியம்’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

தமிழர் கதை ஏதாவது? ‘வெண்பா’ (2023): ஆர்.பி.ஜி. அல்ல, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறை, இட்லியில் தொடங்குகிறது. ஒரே மாலையில் முடியும்.

ஏற்கெனவே காச்சா ஆடுகிற பிள்ளையை என்ன செய்வது? போனைப் பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து மேலே உள்ள 28,800 கணக்கைச் சேர்ந்து போடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

அரசுக்கு என்ன எழுதலாம்? கட்டணக் குலுக்கல் எந்த வகையில் சேரும் என்று விதியிலேயே சொல்லுங்கள், விலையை ரூபாயில் காட்டச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.