அந்நிய நாட்டில் ஒரு தபாற்பெட்டி

நம் நாட்டிலே தபாற்காரர் படலைக்கு வந்து சைக்கிள் மணியை ஒலித்தால், வீட்டிலுள்ளோர் எழுந்து சென்று கடிதத்தைப் பெற்றுக்கொள்கின்றனர். விலாசத்திற் சிறு பிழை இருப்பினும், ஊரையும் உறவுமுறைகளையும் நன்கறிந்த அவர் அதனை உரியவரிடம் சேர்ப்பித்துவிடுவார். இவ்வொழுங்கிற் பழகியோர் உலகெங்கும் தபால் இவ்வாறே நடைபெறுகின்றதென எண்ணுதல் இயல்பு. ஆனால், டுபாயிலோ நைரோபியிலோ தொழில் பெற்றுச் சென்ற மகன் அனுப்பும் விலாசத்தில் வீட்டிலக்கம் இராது. வீதியின் பெயரும் இராது. ஒரு பெட்டியின் இலக்கமும் நகரின் பெயருமே காணப்படும். “இவன் எங்கேதான் குடியிருக்கிறான்?” என்று தாய் கவலையுறுவதில் வியப்பில்லை.

அந்நாடுகளிலே கடிதங்களை வீடுதோறும் கொண்டு சென்று கொடுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. தபாற் கந்தோரின் சுவரிலே சிறு உலோகப் பெட்டிகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் ஒரு திறப்பும் உண்டு. உத்தியோகத்தர் உட்புறமாக நின்று கடிதங்களை இடுவர். பெட்டியை வாடகைக்கு எடுத்தவர் வெளிப்புறமாகத் திறந்து எடுத்துச் செல்வார்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டுபாயின் முதலாவது தபாற் கந்தோர் 1909ஆம் ஆண்டிலே பிரித்தானிய இந்தியத் தபாற் பகுதியினரால் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அது முத்துக் குளிப்பையும் கடல் வணிகத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு சிறு துறைமுகம். கடிதம் பெறுவோர் சிலரே. அவர்கள் கந்தோருக்கு நேரில் வருவதில் இடர் எதுவும் இருக்கவில்லை. 1966இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபின் நகரம் பெருகிய வேகத்திற்கு வீதிப் பெயர்களும் வீட்டிலக்கங்களும் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே பெட்டி இலக்கமே விலாசமாக நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்தில் டுபாயிலே கட்டடங்களுக்கு ‘மக்கானி’ எனப்படும் பத்திலக்க எண் வழங்கப்பட்டுள்ளது. கட்டாரில் வீடுகளின் முகப்பிலே நீலப் பலகைகள் உள்ளன. சவூதி அரேபியாவில் ‘தேசிய விலாசம்’ வந்துள்ளது. எனினும் விண்ணப்பப் பத்திரங்களிலே பெட்டி இலக்கத்திற்கென ஒரு கூடு இன்னும் காத்திருக்கின்றது.

அந்தப் பெட்டியின் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது என்பதே இங்கு முக்கியமான வினா. புதிதாகச் செல்பவர் பெரும்பாலும் தம் கம்பனியின் பெட்டி இலக்கத்தையே விலாசமாகத் தருகின்றார். செலவில்லை, அலைச்சலில்லை. ஆனால் நூறு பேருக்கு வரும் கடிதங்கள் அலுவலக மேசையொன்றிலே குவிந்து கிடக்க, அவற்றை வேறொருவர் கை பிரித்தடுக்குகின்றது. வங்கியின் கடிதமும் வேறொரு கம்பனியின் நியமனக் கடிதமும் அக்கை வழியாகவே வரவேண்டும். வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊரிலிருந்து தாய் எழுதும் கடிதம் எசமானரின் பெட்டிக்கு வந்து, எசமானர் கொடுத்தால் மட்டுமே அவள் கைக்கு எட்டும். வேலையை விட்டு நீங்கும்போதோ விலாசமும் உடன் நீங்கிவிடுகின்றது.

என்னிடம் கற்ற மாணவரொருவர் வளைகுடா நாடொன்றிலே கணக்காளராகப் பணியாற்றினார். தொழிற்பரீட்சையிற் சித்தியெய்தியமைக்கான மூலச் சான்றிதழ், அவர் வேறு வேலைக்கு மாறிய பின்னரே பழைய கம்பனியின் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. நான்கு மாதங்கள் அது ஓர் இழுப்பறையிலே கிடந்தது. கேட்டபோதெல்லாம் “ஒன்றும் வரவில்லை” என்பதே மறுமொழி. சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே அவர் தம் பெயரில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார்.

பிறர் பெட்டியை நம்பியிருத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. 1970களிலும் 1980களிலும் இலங்கை ஆசிரியர் பலர் நைஜீரியாவுக்குக் கற்பிக்கச் சென்றனர். அவர்களுடைய விலாசங்களிலே ‘பி.எம்.பி.’ என்ற மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது தனியார் தபாற்பை. பாடசாலையின் ஏவலாளர் தபாற் கந்தோருக்குச் சென்று அப்பையைக் கொண்டுவர, ஆசிரியர் அனைவரின் கடிதங்களும் அதனுள் ஒன்றாக வந்து சேரும். அம்மூன்றெழுத்தை ஊர்ப்பெயரென்றே கருதியிருந்தோரும் நம்மிடையே உண்டு! கென்யாவில் உறவினரும் அயலவரும் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். அங்கே 2016 முதல் கைத்தொலைபேசி இலக்கத்தையே தபால் விலாசமாக்கும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது.

தனிப்பெட்டி பெறுவது பெருஞ்சிரமமான காரியமன்று. அடையாள ஆவணத்துடன் விண்ணப்பித்து, வாடகையை முற்பணமாகச் செலுத்தினால் திறப்புக் கிடைக்கும். தவணை முடிவதைக் குறித்துவைத்துப் புதுப்பித்தல் அவசியம். அமெரிக்கா போன்ற நாடுகளிலே வீட்டுக்கு வீடு தபால் செல்வதால், பெட்டி எடுப்பது அவரவர் விருப்பம். எனினும் அறை மாறி அறை மாறிக் குடியிருக்கும் மாணவர்க்கு அஃது ஒரு நிலையான விலாசமாகின்றது. அங்கே கணக்குத் திறக்கும் வங்கி, பெட்டி இலக்கத்துடன் நின்றுவிடாது, குடியிருக்கும் இடத்தையும் கேட்கும்.

ஊரிலிருந்து எழுதுவோர் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. நாம் தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி, மகனை வீட்டுப் பெயரால் அழைத்து உறையில் எழுதுகின்றோம். சாதாரணக் கடிதம் இலக்கத்தைப் பார்த்தே பெட்டிக்குள் இடப்படுவதால் இதனாற் பெருந்தீங்கில்லை. பதிவுத் தபாலோ அவ்வாறன்று. பெட்டியில் ஓர் அறிவித்தற் சீட்டே இருக்கும். அதனைக் கொண்டுசென்று அடையாள அட்டையைக் காட்டித்தான் கடிதத்தைப் பெறவேண்டும். அட்டையில் ஒரு பெயரும் உறையில் வேறு பெயரும் இருந்தால் உத்தியோகத்தர் தயங்குவது நியாயமே. ஆதலாற் கடவுச்சீட்டிலுள்ள பெயரை அவ்வாறே எழுதுதல் வேண்டும். கம்பனியின் பெட்டியாயின் கம்பனியின் பெயரையும் சேர்க்கவேண்டும். கூரியர் நிறுவனங்கள் பொதுவாகத் தபாற்பெட்டியில் இடுவதில்லை. அவை கட்டடத்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்கும்.

எடுப்பாரற்ற கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். 1874இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே உருவான உலகத் தபால் ஒன்றியத்தின் உத்தியோக மொழி பிரெஞ்சு. ஆகவே திரும்பிவரும் உறையில் ஒட்டப்படும் சீட்டிலும் அம்மொழியைக் காணலாம். ‘நொன் ரெக்லமே’ என்னும் சொற்களுக்கு எதிரே அடையாளமிடப்பட்டிருந்தால், எவரும் வந்து எடுக்கவில்லை என்பதே பொருள். அம்மொழி அறியாத வீட்டிலே அச்சீட்டு வீண் கலக்கத்தை உண்டாக்கக்கூடும். அத்தகைய உறை வந்தால், பெட்டியின் வாடகை செலுத்தப்பட்டதா என்று மகனிடம் முதலிற் கேட்டறிக.