மேகச் சேமிப்பகத்திற்கு நிரல்நூலகம் இயற்றுதல்

நூலகம் என்றவுடன் நம் கல்லூரி மாணவர்க்கு ஏடுகள் அடுக்கிய மண்டபமே நினைவிற்கு வரும். கணினித் துறையாரோ அச்சொல்லை வேறொரு பொருளிலும் வழங்குகின்றனர். ஒருவர் எழுதிய நிரல்களைப் பிறர் பலரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைப்பதே அவர்கள் கூறும் நூலகம். அத்தகைய நிரல்நூலகம் ஒன்றை மேகச் சேமிப்பகத்தின் பொருட்டு இயற்றுங்கால் கருதவேண்டுவன யாவை என்பதை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுந்தோம்.

மேகச் சேமிப்பகமாவது, நம் கோப்புகளைத் தொலைவிலுள்ள சர்வர்களில் இணையவழி வைத்தற்கும் மீட்டற்கும் உரிய நிலையம். அமேசான் நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய எஸ்3 இவற்றுட் பெயர்பெற்றது. அதனோடு உரையாடும் நிரலின் காலம் பெரும்பாலும் கழிவது கணக்கிடுதலில் அன்று. விடை வருமளவும் காத்திருத்தலிலேயாம். விடுதிச் சமையற்காரர் உலையேற்றியபின் சோறு வேகுமளவும் கைகட்டி நில்லார், காய் நறுக்குவார், மற்றோர் அடுப்பைக் கவனிப்பார். அதுபோல ஒரு வேண்டுகோளின் விடை வருமுன்னரே பிறவற்றையும் நடத்திச் செல்வது ஒத்திசையா முறை. ஏசிங்க்ரனஸ் என்பதும் இதுவே. பைத்தான் மொழியில் இதன்பொருட்டு ஏசிங்க்ஐஓ என்னும் தொகுதி 2014இலும், ஏசிங்க், அவெய்ட் என்னும் சொற்கள் 2015இலும் சேர்க்கப்பட்டன.

இம்முறையில் முதற்கண் வேண்டப்படுவது அளவறிதல். நான்கடுப்புள்ள அடுக்களையில் நாற்பது பானை ஏற்றலாகாது. எத்துணை வேண்டுகோள் ஒருங்கே செல்லலாம் என்பதற்கு நிரல்நூலகமே வரம்பு கட்டல் வேண்டும். இன்றேல் கணினியின் நினைவகம் நிரம்பும். சர்வரும் 503 என்னும் எண்ணைக் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லும். அப்பொழுது உடனே மீண்டும் முயலாது, ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இருமடங்காக்கி, அதனோடு ஒழுங்கற்ற சிறு இடைவெளியும் கூட்டுதல் நன்று. எல்லாரும் ஒரே அளவு காத்திருப்பின், எல்லாரும் ஒரே நொடியில் மீண்டும் வந்து நெருக்குவரன்றோ?

இரண்டாவது, கையொப்பம். வேண்டுகோள்தோறும் நேரங்குறித்த கையொப்பம் இடப்பெறும். அந்நேரம் தன் கடிகாரத்தினின்று 15 நிமிடத்திற்கு மேல் வேறுபடின் எஸ்3 அதனை ஏலாது. ஆதலின் வரிசையில் நிற்குங்கால் அன்று, அனுப்பும் கணத்திலேயே கையொப்பமிடல் வேண்டும்.

மூன்றாவது யாம் பட்டறிந்தது. பெரிய கோப்பைப் பகுதிபகுதியாக அனுப்பலாம். எஸ்3இல் கடைசிப் பகுதி ஒழிந்த ஏனையவை 5 மெகாபைட்டிற்குக் குறைதலாகாது. பகுதிகள் 10,000 வரை இருக்கலாம். அவை எவ்வரிசையிற் சென்று சேரினும் கேடில்லை. பகுதியெண்ணும், அதற்குச் சர்வர் தந்த அடையாளக் குறியும் கொண்ட பட்டியலை ஈற்றில் அனுப்பினால், அவை ஒரு கோப்பாக இணைக்கப்படும்.

வேறொரு சேமிப்பகத்திற்கென யாம் எழுதிய முதற்பயிற்சியில், சென்று சேராத பகுதியைப் பட்டியலினின்று நீக்கிவிட்டு, ‘முடிந்தது’ என்று அறிவிக்குமாறு அமைத்துவிட்டோம். அச்சொல்லை நம்பிய அன்பரொருவர், காலஞ்சென்ற தம் பாட்டனாரின் குரற்பதிவை அனுப்பியபின் தம்மிடமிருந்த மூலத்தை அழித்துவிட்டார். பின்னர்க் கேட்குங்கால் நடுவே ஒரு பகுதி இல்லை. சர்வர்மேற் குற்றமில்லை, யாம் தந்த பட்டியலின்படியே அது இணைத்தது. அன்பர் எம்மைக் கடிந்துகொள்ளவுமில்லை. அதுவே எம்மைப் பெரிதும் வருத்திற்று.

ஆதலின் ஒரு பகுதி தவறினும் மீண்டும் முயலல் வேண்டும். இயலாதாயின் முழுமுயற்சியையும் கைவிட்டு, உடையவருக்குத் தோல்வியை உள்ளவாறே உரைத்தல் வேண்டும். கைவிட்டமையைச் சர்வருக்கும் அறிவித்தல் இன்றியமையாதது. அறிவியாவிடின் சேர்ந்த பகுதிகள் அங்கேயே கிடந்து வாடகை ஏறும். இணைத்து முடிக்கும் வேண்டுகோளுக்கு எஸ்3 முதலில் 200 என்னும் வெற்றிக்குறியைத் தந்து, அவ்விடையின் உள்ளே பிழையைக் கூறுதலும் உண்டு. குறியை மட்டுங் கண்டு மகிழாது, விடை முழுவதையும் படித்தல் வேண்டும்.

எம் திருத்திய நூலகம் முன்னையதினும் சிறிது மெல்லவே செல்கின்றது. ஆயினும் எல்லாப் பகுதியும் சேர்ந்தன என்று சரிபார்த்த பின்னரன்றி ‘முடிந்தது’ என்னாது. இத்துறையிற் புகும் நம் மாணவ நண்பர்கள் அவ்வொரு சொல்லை எழுதுமுன், அதனை நம்பி மூலத்தை அழிப்பாரும் உளர் என்பதை மறவாதிருப்பாராக.