பந்தய விளையாட்டில் கார் ஏன் தடத்தைவிட்டு ஓடுகிறது?

மெர்போக்கில் வீட்டில் உட்கார்ந்தபடியே செப்பாங் பந்தயத் தடத்தில் கார் ஓட்டலாம்; 'எஃப்1 2017' விளையாட்டில் அந்தத் தடம் இருக்கிறது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். புதியவர்கள் பெரும்பாலும் முதல் வளைவிலேயே வெளியே போய்விடுவார்கள். ஏன்?

டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டையும் முழுதாகக் கேட்டால் டயர் வழுக்கும். அதனால் நேராகப் போகும்போதே பலமாகப் பிரேக் பிடித்து, பிறகு அதை மெல்ல விட்டபடி திருப்புங்கள்.

வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் பிடிப்பது? இங்கேதான் கணக்கு தப்பும். பிடிமானம் மாறாவிட்டால், இரண்டு மடங்கு வேகத்தில் வரும் கார் நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

வளைவுக்குள் வெளி விளிம்பிலிருந்து நுழைந்து, உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே வாருங்கள். பாதையின் ஆரம் பெரிதாகும். அதே டயர் கூடுதல் வேகத்தைத் தாங்கும். செப்பாங்கின் கடைசி வளைவு கொண்டையூசி, அடுத்து நீண்ட நேர்த்தடம். அங்கே நிதானமாக நுழைந்து முதலில் முடுக்குபவருக்கே லாபம்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் போன்ற உதவிகளை இப்போதைக்கு அணைக்காதீர்கள். விலையுயர்ந்த ஸ்டியரிங்கும் அவசரமில்லை. மெர்போக் அருகிலுள்ள ஜெராய் மலைச் சாலையில் மட்டும் இந்த உத்திகளைப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். அங்கே எதிரே வண்டி வரும்.